புல்-அப் ரெசிஸ்டருக்கு ‘ஏந்துதடை’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மின்சுற்றில் ஒரு கம்பியை வேறெதுவும் இழுக்காத நேரத்தில் மேல் மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் மின்தடைதான் புல்-அப் ரெசிஸ்டர். அதைத் தமிழில் ‘மேலிழு மின்தடை’ என்றே வழங்கலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நானும் பாடக்குறிப்பில் அப்படித்தான் எழுதிவந்தேன். சனிக்கிழமை வகுப்புக்குப் பிறகு மனம் மாறிவிட்டது.

மாணவி ஒருத்தி ஆர்டுயினோ என்ற நிரலிடக்கூடிய சிறு மின்னணுப் பலகையில் டிஎஸ்18பி20 வெப்ப உணரியை இணைத்திருந்தாள். திரையில் –127 தவிர வேறொன்றும் வரவில்லை. உணரியிடமிருந்து பதிலே வராதபோது காட்டப்படும் எண் அது. நிரலை மூன்று முறை சரிபார்த்தோம், உணரியையும் மாற்றிப் பார்த்தோம். பிறகுதான் மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டை போட்ட 4.7 கிலோ ஓம் மின்தடை எங்கே இருக்கிறது என்று தேடினேன். தரவுக் கம்பியின் நடுவில், வழியை மறித்தாற்போல் செருகியிருந்தாள். “மேலே இழுப்பதென்றால் அந்தக் கம்பியிலேயேதானே இருக்க வேண்டும், சார்?” என்றாள். தரவுக் கம்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாற்றியதும் 29.44 என்று வந்தது.

குறிப்பில் நான் எழுதிய சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. இந்த உணரிக்குத் தரவுக் கம்பியைத் தரைக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு, இழுக்க மட்டுமே தெரியும். பிடியை விட்டால் கம்பி தானாக மேலே ஏறாது, அந்தரத்தில் நிற்கும். யாரும் இழுக்காத நேரத்தில் அதை 5 வோல்ட்டில் வைத்திருப்பதுதான் மின்தடையின் வேலை. உணரி இழுத்தால் விட்டுக்கொடுக்கும், விட்டவுடன் மறுபடி ஏந்திக்கொள்ளும். இழுப்பது ஒருவர், ஏந்துவது இன்னொருவர். இரண்டையும் ‘இழு’ என்றால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

ஆகவே ‘ஏந்துதடை’ என்று முன்மொழிகிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. கம்பியைத் தரையோடு வைத்திருக்கும் புல்-டவுனுக்குத் ‘தாழ்த்துதடை’ சரியாக இருக்கும்.

தனித்தமிழில் ‘ஏந்து’ வசதியைக் குறிக்குமே என்று சிலர் கேட்கக்கூடும். தடையோடு சேர்ந்து வரும்போது அந்த மயக்கம் எழாது என்றே நம்புகிறேன். ‘தடை’ என்பதே மறிப்பதை நினைவூட்டுகிறது என்ற குறை இதிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்தடை பள்ளிப் பாடநூலில் வேரூன்றிய சொல், அதைப் பிடுங்க வேண்டாம்.

சில்லுகள் தமக்குள் தரவு பரிமாறப் பயன்படும் ஐ2சி இணைப்பின் இரண்டு கம்பிகளிலும் ஏந்துதடைக்கு இதே வேலைதான். சில்லுக்குள்ளேயே அமைந்திருப்பதை மட்டும் ‘அக ஏந்துதடை’ என்பதா, ‘உள்ளேந்துதடை’ என்பதா? எனக்கு முன்னது பிடித்திருக்கிறது. வகுப்பெடுப்பவர்கள் பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.