கட்டுரைக் கொப்பியை மாற்றித் திருத்த விடுவது சரிவருமா?

கோண்டாவில் ரீச்சர்:
பத்தாம் தரம், 38 பிள்ளைகள். ஒருவரின் கட்டுரையை மற்றவர் வாசித்துக் கருத்து எழுதச் சொன்னேன். பாதிப்பேர் 'நல்லாயிருக்கு' என்று எழுதிக் கொப்பியை மூடிவிட்டார்கள். மிச்சப்பேர் ளகர ழகரப் பிழைக்கெல்லாம் சிவப்பு வட்டம். என்ன செய்யலாம்?

மானிப்பாய் சேர்:
முதலில் சிவப்புப் பேனையைப் பறியுங்கோ, பென்சில் போதும். எழுத்துப்பிழை கடைசியில். 'எந்த இடம் விளங்கவில்லை?' என்று மட்டும் கேளுங்கோ. நல்லூர்த் திருவிழாக் கட்டுரை ஒன்றில் ஒரு பெடியன், 'சனக்கூட்டம் சரி, நீ எங்கே நின்றாய்?' என்று ஓரத்தில் எழுதினான். திருப்பி எழுதியபோது கச்சான் கடையும் காலைச் சுட்ட மணலும் வந்துவிட்டன.

பருத்தித்துறை அக்கா:
ஒருவருக்கொருவர் புள்ளி போட மட்டும் விடாதீர்கள். என் வகுப்பில் இரண்டு சிநேகிதிகள் ஒரு கிழமை கதைக்கவில்லை.

கோண்டாவில் ரீச்சர்:
சரி, நாளைக்குப் பென்சில்தான். என் சிவப்புப் பேனையையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.