மகளின்ர ரீச்சருக்கு நன்றிக் கடிதம்: என்ன எழுதலாம்?

வணக்கம் உறவுகளே. இலங்கையில ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் வருகுது. மகளின்ர வகுப்பு ரீச்சருக்குப் பரிசுப் பொருளுக்குப் பதிலா நன்றிக் கடிதம் குடுக்க விரும்புறம். மகள் தரம் 2. தரம் ஒண்டில இருந்து அவதான் படிப்பிக்கிறா. வகுப்பு வாசலில நிண்டு அழுத பிள்ளை இப்ப எழுத்துக்கூட்டாமல் கதை வாசிக்கிறாள். எல்லாம் அந்த ரீச்சரின்ர பொறுமைதான்.

மகள் தன்ர கையால நாலு வரி எழுதட்டும், பிழையெண்டாலும் திருத்தக்கூடாது எண்டு நினைக்கிறன். அதுக்குக் கீழ நான் என்ன எழுதுறது? "மிக்க நன்றி" எண்டு மட்டும் எழுத மனம் வரேல்லை.

இஞ்ச ஆரம்பப் பிரிவில படிப்பிக்கிற ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ: பெற்றோர் எழுதினதில எது உங்கட மனசில நிண்டது? அதிபருக்கும் ஒரு பிரதி குடுத்தால் ரீச்சருக்குச் சந்தோசமா இருக்குமோ, சங்கடமோ? மானிப்பாய்ப் பக்கம் கடிதம் எழுத வடிவான வாழ்த்து மட்டை வாங்கிற கடை தெரிஞ்சாலும் சொல்லுங்கோ.