கர்ப்ப காலத்தில் குழாய்த் தண்ணீரில் பி.எஃப்.ஓ.ஏ. (டெஃப்ளான் தயாரிப்பில் பயன்பட்ட ரசாயனம்): உங்கள் அனுபவம்?

எடிசன் கலை:
நியூஜெர்சியில் எங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு 2021 கடைசியில் தண்ணீர்க் கம்பெனியிடமிருந்து வந்த அந்தக் கடிதம் நினைவிருக்கும். எனக்கு அப்போது ஏழாம் மாதம். கொரோனா பயணத் தடை நீங்கிய வாரமே அம்மா வந்துவிட்டார். பச்சைத் தண்ணீர் குடிக்கவே விடமாட்டார். தினமும் காலையில் சீரகம் போட்டு, பாதியாகச் சுண்டும் வரை கொதிக்க வைப்பார். நாள் முழுக்க அதைத்தான் குடித்தேன்.

கடிதம் கூப்பன் தாள்களுக்கு நடுவில் பிரிக்காமலே கிடந்திருக்கிறது. அடுப்படியில் நின்றபடி பிரித்தேன். தண்ணீரில் பி.எஃப்.ஓ.ஏ. லிட்டருக்கு 14 நானோகிராம் என்ற மாநில வரம்பைத் தாண்டிவிட்டதாம், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்கவேண்டுமாம். கொதிக்க வைத்தாலும் போகாது என்று ஒரு வரி. நிமிர்ந்தால் அம்மா டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறார், ஆவி பறக்கிறது. தண்ணீர்தான் ஆவியாகும், அது அப்படியே தங்கிவிடும். சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். அம்மாவிடம் எப்படிச் சொல்ல? "சீரக வாசனை குமட்டுதும்மா" என்றேன். மகள் நன்றாக இருக்கிறாள். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வுட்பிரிட்ஜ் ரேவதி:
அதே கடிதம். எனக்குக் கைக்குழந்தை. தாய்ப்பாலிலும் இறங்கும் என்று படித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கப் பால் கொடுக்கவில்லை. நைட்டி நனைந்து உடம்போடு ஒட்டுகிறது, பக்கத்து அறையில் அவன் அழுது தொண்டை கட்டிவிட்டது. காலையில் டாக்டர், "பாலை நிறுத்தாதீர்கள், தண்ணீரை மாற்றுங்கள்" என்றார். அந்த ராத்திரி இன்னும் உறுத்துகிறது.

சுந்தரம் மாமா:
கலை, ரேவதி, இப்படி எழுதினால் இப்போது முழுகாமல் இருக்கும் பெண்கள் பயந்துவிடுவார்கள். எங்கள் மருமகளும் அப்போது உண்டாகியிருந்தாள். ஃபில்டர் மாட்டினோம், சரியாகிவிட்டது. ஒன்று சொல்கிறேன், கடையில் கிடைத்த ஃபில்டரை எல்லாம் வாங்காதீர்கள். ஆர்.ஓ. வாங்குங்கள், இல்லையென்றால் இதற்கென்றே சான்று பெற்ற கரி ஃபில்டர். கரியைக் காலத்தில் மாற்றாவிட்டால் பிரயோஜனமில்லை. குடிக்க மட்டுமில்லை, உலை வைக்க, பால் பவுடர் கலக்க எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான். குளிக்கலாம், தோல் வழியாக ஏறுவது மிகக் குறைவு. பி.எஃப்.ஓ.ஏ. ரத்தத்தில் பாதியாகக் குறையவே சில வருடங்கள் ஆகும். உடம்பில் இருப்பது பல வருடமாகச் சேர்ந்தது. அதனால் கலை, சில வாரச் சீரகத் தண்ணீருக்காக அம்மா மேல் பழி போடாதீர்கள். மேற்கு வர்ஜீனியா பக்கம் தண்ணீரில் இது கலந்த ஊர்களில் சுமார் 69,000 பேரின் ரத்தத்தை வைத்து ஒரு விஞ்ஞானிகள் குழு ஆராய்ந்தது. பிறவிக் குறைபாட்டோடு தொடர்பு இருப்பதாக அந்தக் குழு முடிவுசெய்யவில்லை.

எடிசன் கலை:
மாமா, நான் அம்மாவைப் பழிக்கவே இல்லை.

பார்சிப்பனி மீரா:
மாமா பாதிதான் சொல்கிறார். அதே குழு, கர்ப்பகால ரத்த அழுத்தத்தோடு தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னது. பி.எஃப்.ஓ.ஏ. பயன்படுத்திய அந்த ஊர் டூபான்ட் ஆலையில் 1981-லேயே டெஃப்ளான் பிரிவிலிருந்து பெண்களை மாற்றினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் இரண்டுக்குக் கண்ணில் குறை. ஊர்க்காரர்களுக்குத் தங்கள் தண்ணீரில் அது இருப்பதே எவ்வளவோ வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பயப்படாதே என்று அவர்களிடம் யார் சொல்வது?

எனக்கு ஆறாம் மாதம் பி.பி. ஏறிப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். காரணம் தண்ணீர்தான் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் நர்ஸ் தாளை வைத்துக்கொண்டு ஊறுகாய், அப்பளம், உப்பு என்று வரிசையாகக் கேட்டார். எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்கவே இல்லை. கலை, உங்களுக்கு பி.பி. இருந்ததா?