சைலன்சர் பைப் புதிதாகச் செய்கிறேன்: வெல்டிங்கா, கிளாம்பா, ஃப்ளேஞ்சா?

குப்பனூர் வழி:

வணக்கம். எனக்கு வீடு சேலம் அம்மாப்பேட்டையில், அப்பா அம்மா ஏற்காட்டில். வாரம் ஒரு தடவையாவது மேலே போய் வருவேன், அடிவாரம் பக்கம் கூட்டமாக இருந்தால் குப்பனூர் வழியாக. வண்டி 2009 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன கார். நடு பைப் துருப்பிடித்து ஓட்டையானதும், போன வருடம் ஒரு பட்டறையில் கெட்டுப்போன துண்டை அறுத்து எடுத்துவிட்டு வேறு பைப்பைச் செருகி, யூ போல்ட் கிளாம்ப் போட்டு முறுக்கிக் கொடுத்தார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது கிளாம்புக்குப் பக்கத்தில் விசிறி விரித்த மாதிரி கரி படிந்திருக்கிறது, மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் டப் டப் என்று வெடிக்கிறது. போன வாரம் பின் சீட்டில் வந்த அம்மா பாதி வழியிலேயே தலை வலிக்கிறது என்றார். இனி தள்ளிப்போடுவதாக இல்லை.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்து கடைசி வரை ஸ்டெயின்லெஸ்ஸில் செய்யலாம் என்று இருக்கிறேன். சத்தம் கூட வேண்டும் என்ற ஆசை இல்லை, கசியாமல் பத்து வருடம் உழைத்தால் போதும். ஒருவர் மொத்தமும் ஒரே பைப்பாக ஆர்கான் வெல்டிங் அடித்துவிடு, ஜாயிண்டே இல்லையென்றால் எங்கே கசியும் என்கிறார். இன்னொருவர் ஃப்ளேஞ்ச், அதாவது பைப் வாய்களில் தகடு வைத்து போல்ட் போடு என்கிறார். மைத்துனர் பைப் வாய்களில் உள்ள இரண்டு ரிங்கையும் சுற்றிக் கவ்வும் வி பேண்ட் கிளாம்ப்தான் போட வேண்டும் என்று நிற்கிறார். எதைக் கேட்பது?

பழைய பட்டறை:

தம்பி, மூன்று பேர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒரே வண்டியில் ஒரே ஜாயிண்டை எல்லா இடத்திலும் போட முடியாது. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை என்றைக்காவது கழற்ற வேண்டி வருமா? இது ஓடும்போது அசையுமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் அங்கே எது போட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒரே பைப்பாக வெல்டிங் அடித்தால் என்ன ஆகும் என்று வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். பைப் பின் ஆக்சிலுக்கு மேலே ஏறி வளைந்து இறங்குகிறது இல்லையா? ஒரே துண்டாகச் செய்துவிட்டால் ஆக்சிலை இறக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. நாளைக்கு சைலன்சர் மட்டும் போனால் மறுபடியும் கிரைண்டர்தான். அதனால் ஆக்சிலுக்கு முன்னால் கட்டாயம் கழற்றுகிற மாதிரி ஒரு ஜாயிண்ட் வேண்டும். மற்றபடி பைப்போடு பைப் சேரும் இடங்கள், சைலன்சரின் இரண்டு வாய், இதையெல்லாம் கழற்றப் போவதில்லை, அங்கே வெல்டிங்கை மிஞ்சியது எதுவும் இல்லை.

அடுத்தது அசைவு. குறுக்காக உட்கார்ந்த இன்ஜின் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பின்னுக்குச் சாயும், விட்டால் முன்னுக்கு வரும். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி, ஒவ்வொன்றிலும் விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்து ஏறுகிறீர்கள், இன்ஜின் எத்தனை தடவை ஆடும் பாருங்கள். அதற்காகத்தான் கம்பெனியிலேயே முன்பக்கம் கசிவைத் தடுக்கும் ரிங் கேஸ்கட் வைத்து இரண்டு ஸ்பிரிங் போல்ட் போட்டிருப்பார்கள், அது உருண்டைக் கிண்ணத்தில் திரும்புகிற மாதிரி லேசாகத் திரும்பிக் கொடுக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். ஸ்பிரிங் போல்ட்டை எடுத்துவிட்டு சாதாரண போல்ட் போட்டு இறுக்கி, 'இனி அசையாது' என்று கொடுத்த வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. அசைய முடியாத பைப் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும், இல்லையென்றால் இன்ஜினை ஒட்டிய மேனிஃபோல்டு பக்கம் விரிசல் விடும். ஸ்பிரிங் ஜாயிண்ட் இல்லாத வண்டி என்றால் பின்னல் போட்ட ஃப்ளெக்ஸ் பைப் ஒன்று வைத்தாக வேண்டும்.

பைப் சூட்டில் நீளும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு மீட்டர் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் பைப் 300 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும், சாதா இரும்பு 7 மில்லிதான். அதனால் ரப்பர் ஹேங்கர்களைப் பழைய இடத்திலேயே தொங்க விடுங்கள், எங்கேயும் பாடியோடு இறுக்கிக் கட்டாதீர்கள்.

யூ போல்ட் பற்றி: அது பைப்பைக் கவ்விப் பிடிப்பதில்லை, நசுக்கிப் பிடிக்கிறது. நசுங்கிய இடம் வட்டம் கெட்டுவிடும், ஒரு பக்கம் இடைவெளி விழும், கழற்றவும் முடியாது. கிளாம்ப்தான் வேண்டும் என்றால் அகலமான பட்டை கிளாம்ப் வாங்குங்கள். வெளிப் பைப்பின் வாயில் இரண்டு கீறல் போட்டு, 40, 50 மில்லி உள்ளே செருகி இறுக்கலாம். முன்னாலிருந்து வரும் பைப்தான் பின் பைப்புக்குள் போக வேண்டும், மாற்றிச் செருகினால் புகை நேராக விளிம்பில் மோதும்.

ஐந்து ரோடு:

பட்டறை அண்ணன் சொன்னதற்கு மேல் பைப் வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், நான் இதில் ஏமாந்தவன். உருக்காலை இருக்கிற ஊரில் ஸ்டெயின்லெஸ் கிடைக்காதா என்று மாடிப்படிக் கைப்பிடி செய்கிற கடையில் பளபளப்பாக இருந்த பைப்பை வாங்கிவிட்டேன். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று நம்பினேன். 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நிக்கல் குறைவு, ஒரு மழைக்காலத்திலேயே வெல்டிங் ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. சில கடைகளில் சொட்டு விட்டுப் பார்க்கும் மருந்து இருக்கும், அதை வைத்து முன்னாலேயே சோதிக்கச் சொல்லுங்கள். தகடு 1.5 மில்லி இருக்கட்டும். காந்தம் ஒட்டினால் உடனே மட்டம் என்று நினைக்காதீர்கள், கம்பெனி சைலன்சர்களில் வரும் 409 காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ்தான்.

வெல்டிங் அடிப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் வாயு விடுவீர்களா? விடாவிட்டால் வெளியே வானவில் மாதிரி அழகாகத் தெரியும், உள்ளே கருகிப் பொரிந்து போயிருக்கும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். உங்கள் பழைய இரும்பு பைப்போடு 304-ஐச் சேர்க்கும் இடத்தில் 309 கிரேடு வெல்டிங் கம்பி வேண்டும், 308 போதாது.

வி பேண்ட் நல்லதுதான், ஒரே போல்ட்டில் கழன்றுவிடும், பைப்பைத் திருப்பி நேர் பார்க்கலாம். ஆனால் ரிங்கை வெல்டிங் அடிக்கும்போது கிளாம்பை மாட்டியே வைக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் கோணிக்கொண்டு கடைசி வரை உஸ் என்று சத்தம் வரும். உங்களுக்கு வருடத்தில் நான்கு தடவை கழற்றுகிற வேலை இல்லையே, 8 மில்லி தடிமனில் இரண்டு போல்ட் ஃப்ளேஞ்சும் கிராஃபைட் கேஸ்கட்டும் போதும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ் நட் போட்டால் சூட்டில் பிடித்துக்கொள்ளும், பித்தளை நட் போடுங்கள்.

மிளகுக்கொடி:

முதலில் அம்மாவின் தலைவலியைச் சொல்ல வேண்டும். கசிவது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், அதற்கு வாசனையே கிடையாது. வேலை முடியும் வரை தயவுசெய்து அவர்களை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். பஸ்ஸில் போங்கள்.

இறங்கும்போது டப் டப் என்பதும் அந்த ஓட்டைதான், ஆக்சிலரேட்டரை விட்டதும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு மிச்ச பெட்ரோல் ஆவியோடு சேர்ந்து வெடிக்கிறது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் இப்படிக் கசிந்தால் இன்னும் மோசம், காற்று அதிகம் என்று கணக்குப் போட்டு வண்டி பெட்ரோலைக் கூட்டும். அப்புறம், கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் எடுத்துவிடச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு மாற்றங்களைத் தடுக்கிறது, சத்தமும் புகையும் மீறினால் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம். மேலே தோட்டங்களுக்கு நடுவில் குடியிருக்கிறோம், ராத்திரியில் ஒரு வண்டி ஏறினால் ஏழெட்டு வளைவுக்கு முன்னாலேயே கேட்கும்.

குப்பனூர் வழி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வண்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தேன், ஆக்சிலுக்கு மேலே பைப் வளைந்து போவது உண்மைதான், ஒரே பைப் யோசனையை விட்டுவிட்டேன். முன்னால் ஸ்பிரிங் ஜாயிண்ட் அப்படியே இருக்கட்டும், ஆக்சிலுக்கு முன்னால் ஒரு ஃப்ளேஞ்ச், மற்றதெல்லாம் ஆர்கான். வெல்டிங்கை வண்டியிலேயே வைத்து அடிக்கலாமா, கழற்றியா? அம்மா பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பழைய பட்டறை:

வண்டியில் மாட்டி, அளவு பார்த்து, நான்கு நான்கு பொட்டு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அதற்கே பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும், பெட்ரோல் டேங்க் பக்கம் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். பிறகு இறக்கி, மேசையில் வைத்துச் சுற்றிலும் முழுதாக அடிக்கட்டும். மாட்டியபின் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பின்வாயைத் தடித்த துணியால் அரை நிமிடம் பொத்திப் பிடித்து, ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், நுரை வந்தால் அங்கே கசிவு. ரிங் கேஸ்கட் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், போகும்போதே புதிது ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.