நெற்றியில் ஒற்றைக் கொம்போடு கதைகளில் வரும் வெள்ளைக் குதிரை, யூனிகார்ன். அதை நீங்கள் முதலில் பார்த்தது எங்கே? பதிலைக் கீழே எழுதுங்கள்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வயதில், சித்தி வீட்டில், பழைய வீடியோ கேசட்டில் 'தி லாஸ்ட் யூனிகார்ன்' பார்த்தேன். 1982-ல் வந்த கார்ட்டூன் படம். தயாரித்தது அமெரிக்கக் கம்பெனி, வரைந்தவர்கள் டோக்கியோவின் டாப்கிராஃப்ட் ஸ்டூடியோக்காரர்கள். அவர்களில் சிலர்தான் பிறகு கிப்லி என்ற புகழ்பெற்ற ஜப்பானியக் கார்ட்டூன் ஸ்டூடியோவில் சேர்ந்தார்கள். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. யூனிகார்ன்களைக் கடலுக்குள் விரட்டும் அந்தச் சிவப்புக் காளையைக் கண்டதும் பயந்துபோய் எழுந்து சமையலறைக்கு ஓடிவிட்டேன். மீதிப் படத்தைப் பார்க்கவே இல்லை.

பீட்டர் எஸ். பீகிள் 1968-ல் எழுதிய மூல நாவல் கைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தொன்று. அதில் ஓர் இடம். ஒரு சூனியக்காரி யூனிகார்னைப் பிடித்துக் கூண்டில் அடைத்துக் காட்சிக்கு வைக்கிறாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைக் குதிரை. அதனால் அதன் தலையில் மந்திரத்தால் ஒரு பொய்க் கொம்பை வைக்கிறாள். உண்மைக் கொம்பு இருக்கும்போதே! அங்கேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நான் அழுதது மோலி குரூ வரும் இடத்தில். காட்டில் ஒரு கொள்ளைக் கூட்டத்தோடு கிடந்து இளமை கழிந்துபோன பெண். பழைய கதைகளில் யூனிகார்ன் கன்னிப்பெண்ணின் மடி தேடித்தானே வரும்? இவள் முன்னால் அது வந்து நிற்கும்போது இவளுக்குக் கோபம்தான் வருகிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கே போனாய், இப்படி ஆன பிறகு வந்து நிற்கிறாயே என்று திட்டித் தீர்க்கிறாள். அப்புறம் அழுகிறாள். அதன் பிறகு கடைசிவரை அதைவிட்டு அகலாமல் கூடவே நடக்கிறாள்.

இருபதில் படித்திருந்தால் அந்தப் பக்கத்தை நான் கடந்து போயிருப்பேன்.

* * *

அக்கா, அந்தப் படத்தின் டைட்டில் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். அது நியூயார்க் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் யூனிகார்ன் சித்திரத் திரைச்சீலைகளின் பாணியில் வரைந்தது. ஏழு சீலைகள், 1500-ஐ ஒட்டி நெய்தவை. வேலை விஷயமாகப் போனபோது பார்த்தேன்.

ஒன்றில், வட்டமான வேலிக்குள் மாதுளை மரத்தில் சங்கிலியால் கட்டிய வெள்ளை யூனிகார்ன் படுத்திருக்கிறது. உடம்பில் சிவப்புக் கறை. ரத்தம் என்றுதான் நினைத்தேன். மேலேயிருந்து சொட்டும் மாதுளைச் சாறாம். வேலியும் குட்டை, அது நினைத்தால் தாண்டிவிடலாம். தாண்டாமல் ஏன் படுத்திருக்கிறது என்று யோசித்தபடியே நின்றேன். கூட வந்தவர்கள் அடுத்த அறைக்குப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

* * *

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேத்திக்கு ஹாரி பாட்டர் முதல் புத்தகம் வாசித்துக் காட்டியபோதுதான் யூனிகார்ன் எனக்கு அறிமுகம். காட்டில் இலைகள் மேல் வெள்ளியாய் மின்னும் யூனிகார்ன் ரத்தம். அதைக் குடித்தவன் பிழைப்பான், ஆனால் உதட்டில் பட்ட நொடியிலிருந்து சபிக்கப்பட்ட அரை வாழ்வுதான். பேத்தி அன்றிரவு வெளிச்சத்தை அணைக்கவிடவில்லை.

எனக்கோ ராமாயணத்தில் வரும் கலைக்கோட்டு முனிவர், அதாவது ரிஷ்யசிருங்கர், நினைவுக்கு வந்தார். கலை என்றால் மான். கோடு என்றால் கொம்பு. தலையில் கொம்போடு காட்டில் வளர்ந்து பெண்ணையே பார்த்தறியாதவரை நாட்டுக்கு அழைத்து வந்தது பெண்கள்தாம். அம்மா, நீங்கள் எழுதிய அந்த மடி விஷயத்தோடு இதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

* * *

ஐயா, பேத்திக்கு என் அன்பு. தம்பி, டைட்டிலை இன்று காலை பார்த்தேன். இந்த முறை சமையலறைக்குப் போகாமல் முழுப் படத்தையும் பார்த்தேன்.