ஆர்கானிக் லேபிள்: எடுத்தவர்கள், விட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அரிசிக்கடை திருச்சி:
தை மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. எங்களுக்கு மாப்பிள்ளைச் சம்பா தருபவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். 11 வருடமாக அவர் வயலில் யூரியா விழுந்ததில்லை. அந்தத் தைரியத்தில் 'ஆர்கானிக்' என்று பெரிதாக அச்சடித்து 2,000 கவர் வாங்கிவிட்டேன். லைசென்ஸ் வேலை பார்த்துத் தருபவர் கவரைப் பார்த்ததும், "சர்டிபிகேட் எங்கே சார்?" என்றார். விவசாயி தானே நேரில் விற்றால், வருட வியாபாரம் 12 லட்சத்துக்குள் இருந்தால், சான்று கேட்பதில்லை. கடை வைத்துப் பாக்கெட் போடும் எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

கருப்பு மார்க்கரால் ஒவ்வொரு கவராக அந்த வார்த்தையை அழித்துக்கொண்டிருந்தோம். மூட்டை இறக்க வந்த அந்தச் சம்பா விவசாயி பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து, அவரும் ஒரு மார்க்கரை எடுத்து அழிக்க ஆரம்பித்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உண்மையாகச் செய்கிறவனுக்குத்தான் இந்தத் தண்டனை. லேபிளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மஞ்சக்காடு:
அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 'லேபிளே வேண்டாம்' என்பதை ஏற்க முடியவில்லை. உங்கள் வாடிக்கையாளர் உங்கள் முகத்தைப் பார்த்து வாங்குகிறார். எங்கள் மஞ்சள் ஐரோப்பாவுக்குப் போகிறது, அங்கே யார் முகத்தை யார் பார்ப்பது?

நாங்களும் அடிபட்டவர்கள்தான். 62 பேர் சேர்ந்து குழுச் சான்று எடுத்தோம். மூன்றாம் வருட ஆய்வில் ஒருவர் கட்டுத்தரையில் யூரியாச் சாக்கு கிடந்தது. உள்ளே புண்ணாக்கு. ஆய்வாளர் சாக்கைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அத்தனை பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். விளக்கம் எழுதி, மண் எடுத்து லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வருவதற்குள் சீசன் முடிந்துவிட்டது. 62 பேர் மஞ்சளும் சாதா விலைக்கே போயிற்று. சாக்குக்காரர் ஒரு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. இருந்தும் சான்றை நாங்கள் விடவில்லை. அப்படிக் கவிழ்த்துப் பார்க்க ஒருவர் இருப்பதால்தான் அந்த விலை கிடைக்கிறது.

கோத்தகிரி இலை:
எந்த விலை? எங்கள் பச்சைத் தேயிலையை எடுக்கும் ஆலை, வாங்குகிறவர்கள் கேட்டார்கள் என்று ஆர்கானிக் அல்லாத வேறொரு லேபிளுக்குப் போனது. எந்த மருந்தை அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது, மருந்தடிக்கும்போது கையுறை, எல்லாவற்றுக்கும் நோட்டு. எல்லாம் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நோட்டு எழுதுவது நான், லேபிள் ஆலையின் பெயரில். எடை போடும் கொட்டகையில், "இதற்குக் கிலோவுக்கு எவ்வளவு கூடுதல்?" என்று அம்மா கேட்டார். "லேபிள் இல்லைன்னா இலையே எடுக்க மாட்டோம்மா" என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது. ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

வயல்வரப்பு:
நான் ஒரு வருடம் தேன் விற்றேன், லேபிள் கேட்டார்கள், விட்டுவிட்டேன். அது கிடக்கட்டும். திருச்சி அண்ணா கவனிக்க வேண்டியது பி.ஜி.எஸ். முறையை, அதாவது விவசாயிகளே சேர்ந்து உறுதி தரும் ஆர்கானிக் சான்று. குறைந்தது 5 விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்வார்கள். வெளி ஏஜென்சிக்குக் கட்டும் பெரிய தொகை மிச்சம். ரசாயன முறையிலிருந்து மாறும் காலத்தில் பி.ஜி.எஸ். கிரீன், பிறகுதான் பி.ஜி.எஸ். ஆர்கானிக். உள்நாட்டு விற்பனைக்கு இது செல்லும், அரசின் ஆர்கானிக் முத்திரையும் போடலாம். ஏற்றுமதி என்றால் மஞ்சக்காடு எடுத்த மாதிரி என்.பி.ஓ.பி. எனும் மத்திய அரசின் தேசிய ஆர்கானிக் திட்டச் சான்றுதான் வேண்டும். இன்றிலிருந்தே விதை வாங்கிய பில், தொழுவுரம் போட்ட தேதி எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரர் மருந்து அடித்தால் வரப்போரம் இடைவெளி விடுங்கள், அந்த ஓரத்து நெல்லைத் தனியாக அறுங்கள். அப்புறம், உரச் சாக்கை எதற்கும் வீட்டில் வைக்காதீர்கள். அந்தப் புண்ணாக்குச் சாக்கு கதை இன்னும் எத்தனை ஊரில் நடக்குமோ.

அரிசிக்கடை திருச்சி:
நேற்று நம்ம சம்பா விவசாயியிடம் இதைப் படித்துக் காட்டினேன். முதலில் கேட்டது, "நம்ம வயலை நாமே பார்த்துக்கலாமா?" என்றுதான். அடுத்தவர் வந்து பார்ப்பார் என்றதும் இன்னும் சந்தோஷம். சாயங்காலமே போன் செய்தார். தம்பியும் கீழ மடை பெரியவரும் சம்மதித்துவிட்டார்களாம். இன்னும் இரண்டு பேர் வேண்டும். அழித்த கவரில் 700 மிச்சம் இருக்கிறது, அதிலேயே விற்றுக்கொண்டிருக்கிறேன்.