ரிட்டர்ன் டிக்கெட்டில் ஒரு பயணத்தை மட்டும் விட்டுவிடலாமா?

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருக்கிறது, அதில் ஒரு பயணத்தை மட்டும் போகாமல் விட்டால் என்ன ஆகும்? எதை விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைசிப் பயணத்தை விட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முதலாவதையோ நடுவில் உள்ளதையோ விட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் போய்விடும். போகும்போது விமானம் ஏறாதவருக்குத் திரும்பும்போதும் சீட் இல்லை. முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இதே கதைதான்.

"காசு கொடுத்து வாங்கிய சீட், உட்காருவதும் காலியாக விடுவதும் என் இஷ்டம்" என்று கோபப்படுவது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பெரிய விமான நிறுவனங்களின் பயண நிபந்தனைகள் போக, வர இரண்டையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் பார்க்கின்றன. ஒவ்வொரு விமானத்துக்கும் டிக்கெட்டில் ஒரு கூப்பன் உண்டு. காகித டிக்கெட் காலத்தில் அது நிஜமாகவே கிழித்து எடுக்கும் தாள். 2008 ஜூனில் விமான நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐயாட்டா முழுக்க மின் டிக்கெட்டுக்கு மாறிய பிறகு அது கணினியில் ஒரு பதிவு, அவ்வளவுதான். கூப்பன்களை வரிசைப்படி பயன்படுத்த வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. முதல் விமானத்துக்கு நீங்கள் வரவில்லை என்றால் 'நோ-ஷோ' என்று பதிவாகும், மிச்ச இருக்கைகளைக் கணினி தானாகவே விடுவித்துவிடும். போன் செய்து "என்ன ஆச்சு?" என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். பலருக்கு விஷயம் தெரியவருவதே திரும்பும் நாளில், செக்-இன் கவுண்டரில் நிற்கும்போதுதான்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இப்படி. டிசம்பரில் ஊருக்குப் போய்வர ரிட்டர்ன் எடுத்திருப்பார்கள். நவம்பரில் வீட்டில் ஏதோ அவசரம், கிடைத்த விமானத்தில் ஒன்வே எடுத்துக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வரத்தான் டிசம்பர் டிக்கெட்டின் மறுபாதி இருக்கிறதே என்று தைரியமாக இருப்பார்கள். டிசம்பரில் அந்த முதல் விமானம் இவர்கள் இல்லாமல் கிளம்பிய உடனே மறுபாதியும் போய்விடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த முதல் விமானம் கிளம்புவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அவ்வளவு நல்லது. "போகும் பயணம் எனக்கு வேண்டாம், திரும்பும் பயணத்தை மட்டும் வைத்துக்கொண்டு டிக்கெட்டை மாற்றி வெளியிட முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். முடியும் என்றால் கட்டணத்தை மறுபடி கணக்குப் போடுவார்கள். கட்டிய பணத்தில் பாதி திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்வே விலை ரிட்டர்ன் விலையைவிட அதிகமாக இருந்தால், மேற்கொண்டு பணம் கேட்பார்கள். அந்த நேரத்தில் வேறு நிறுவனத்தில் புது ஒன்வே என்ன விலை என்று பக்கத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் பழைய டிக்கெட்டை ரத்து செய்து, வரியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக எடுப்பதே மலிவாக முடியும்.

மாற்றித் தருகிறோம் என்று வாயால் சொன்னது போதாது. மாற்றிய டிக்கெட்டின் 13 இலக்க எண் மின்னஞ்சலில் வர வேண்டும். ஆறு எழுத்து பி.என்.ஆர் வெறும் முன்பதிவுக்கான அடையாளம். அதில் பயணம் பளிச்சென்று தெரிந்தாலும், பின்னால் செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. இன்னொன்று, செயலியில் நீங்களே 'ரத்து' பொத்தானை அழுத்த வேண்டாம். பல செயலிகள் இரண்டு பயணத்தையும் சேர்த்தே ரத்து செய்துவிடும்.

ஏஜெண்டிடமோ வேறு இணையதளத்திலோ வாங்கியிருந்தால் தலைவலி கொஞ்சம் கூடும். பயணம் தொடங்கும் வரை அந்த டிக்கெட்டில் கைவைக்க வேண்டியது விற்றவர்தான் என்று விமான நிறுவனம் திருப்பி அனுப்பும். விற்றவரோ வார இறுதியில் போன் எடுக்க மாட்டார். குடும்ப அவசரம் வரக்கூடும் என்று தெரிந்த வருடங்களில் நிறுவனத்திடமே நேரடியாக வாங்குங்கள் என்று சொல்வேன். விலையில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை.

சரி, கடைசிப் பயணத்துக்கு வருவோம். நீண்ட தூரப் பயணங்களில் ஒன்வே எடுப்பதைவிட ரிட்டர்ன் எடுப்பது மலிவாக இருப்பது சகஜம். விலை வைப்பவர்களின் கணக்கு தூரத்தை வைத்து ஓடுவதில்லை. யார் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருப்பார் என்பதை வைத்து ஓடுகிறது. விடுமுறைக்குப் போகிறவர் ஒரு வாரமாவது தங்கி, போக வர எடுப்பார், விலை ஏறினால் வேறு இடம் போய்விடுவார். திடீரென ஒன்வே எடுப்பவருக்கு வேறு வழி இருக்காது, அவரிடம் கூடுதலாகவே வாங்கலாம். அதனால்தான் குடியேற வருகிற பலர் ரிட்டர்ன் எடுத்துக்கொண்டு வந்து, திரும்பும் பாதியைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள். நிபந்தனைகளின் எழுத்துப்படி இதுவும் மீறல்தான், பல நிறுவனங்கள் கட்டண வித்தியாசத்தை வசூலிக்க உரிமை உண்டு என்று எழுதி வைத்திருக்கின்றன. நடைமுறையில் எப்போதாவது ஒருமுறை விட்டவரை யாரும் துரத்துவதில்லை. இதையே வாடிக்கையாக, அதுவும் பறக்கும் தூரத்துக்குப் புள்ளிகள் சேர்க்கும் அதே மைல் கணக்கு எண்ணைப் போட்டுச் செய்பவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். சேர்த்த மைல்களை ரத்து செய்வதும் கணக்கை மூடுவதும் நிறுவனத்துக்கு நீதிமன்றம் போவதைவிடச் சுலபம்.

நீதிமன்றம் போனவர்களும் உண்டு. 2016இல் ஒரு பயணி ஜெர்மன் நிறுவனமான லுஃப்தான்சாவில் ஆஸ்லோவிலிருந்து ஃப்ராங்ஃபர்ட் வழியாக சியாட்டில் போய்வர டிக்கெட் எடுத்தார். திரும்பும்போது ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி, ஆஸ்லோ போகாமல், தனி டிக்கெட்டில் பெர்லின் போய்விட்டார். நிறுவனம் 2,000 யூரோவுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. கூடுதல் கட்டணத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது பயணிக்குப் புரியும்படி இல்லை என்று பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம், போகும் பயணத்துக்கு வராதவரின் திரும்பும் பயணத்தை ரத்து செய்யும் அந்நாட்டு விமான நிறுவனம் ஐபீரியாவின் நிபந்தனை செல்லாது என்றது. ஜெர்மனியின் உயர்நிலை நீதிமன்றம் 2010லேயே இதுபோன்ற மொத்தத் தடையை ஏற்கவில்லை. ஆனால் வித்தியாசக் கட்டணம் கேட்க வழி விட்டது. இதையெல்லாம் படித்துவிட்டு கவுண்டரில் சட்டம் பேசலாம் என்று கிளம்ப வேண்டாம். தீர்ப்பு அந்தந்த நாட்டுக்குள்தான், விமானம் கிளம்புவதோ இன்னும் அரை மணி நேரத்தில்.

நடுவில் இறங்கிவிடும் தந்திரம் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். உங்களுக்குப் போக வேண்டியது ட்ரான்சிட் நகரம், அதாவது நடுவில் விமானம் மாறும் ஊர், ஆனால் அதைத் தாண்டிப் போகும் டிக்கெட் மலிவு. அதை எடுத்து நடுவில் இறங்கிக்கொள்வது. இப்படிப்பட்ட விலைகளைத் தேடித் தருவதற்கென்றே ஸ்கிப்லேக்ட் என்ற தளம் இருக்கிறது. அமெரிக்க விமான நிறுவனங்களான யுனைடெட் 2014இலும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023இலும் அதன்மேல் வழக்குப் போட்டன. இரண்டாவது வழக்கில் 2024 அக்டோபரில் 94 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது, அதுவும் நிறுவனத்தின் சின்னத்தைப் பயன்படுத்திய பதிப்புரிமை விவகாரத்துக்காக. 2023இலேயே ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில்லில், ஷார்லட் வழியாக நியூயார்க் டிக்கெட் வைத்திருந்த ஒரு 17 வயதுப் பையனிடம் ஷார்லட் இருக்கும் வட கரோலினாவின் ஓட்டுநர் உரிமம் இருப்பதைப் பார்த்து, இவன் ஷார்லட்டிலேயே இறங்கப் போகிறவன் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் கண்டுபிடித்து டிக்கெட்டை ரத்து செய்தார்கள். முதல் விமானத்துக்கே அந்த டிக்கெட் உதவவில்லை.

பெட்டி படுக்கையோடு குடிபெயர்கிறவர்களுக்கு இந்தத் தந்திரம் ஒத்துவராது என்பது என் கருத்து. செக்-இன் செய்த பெட்டி டேக்கில் எழுதியிருக்கும் கடைசி ஊருக்குத்தான் போகும். கைப்பையோடு போனாலும், விமானத்தில் இடமில்லை என்று வாசலில் வாங்கி உள்ளே போட்டுவிட்டால் அதுவும் கடைசி ஊருக்கே. முதல் விமானம் தாமதமானால் உங்களை வேறு நகரம் வழியாக அனுப்ப நிறுவனத்துக்கு உரிமை உண்டு. உங்களுக்கு வேண்டிய ஊரே அந்தப் பாதையில் இருக்காது. கடைசி ஊருக்கான விசா இருக்கிறதா என்று கிளம்பும் இடத்திலேயே பார்ப்பார்கள். ட்ரான்சிட் நாட்டில் வெளியே வரவும் விசா தேவைப்படலாம். ரிட்டர்னின் போகும் பாதியில் இப்படி இறங்கினால் திரும்பும் பாதி முழுக்கப் போய்விடும் என்பதை மேலேயே சொல்லியாயிற்று.

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம், ரயில். சில ஐரோப்பிய டிக்கெட்டுகளில் முதல் பயணமே ரயிலாக இருக்கும், அதற்கும் விமான எண் மாதிரி ஓர் எண் போட்டிருப்பார்கள். நான்தான் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறேனே, நேராகப் போய்விடுகிறேன் என்று ரயிலை விட்டால், கணினிக்கு அது முதல் விமானத்தைத் தவறவிட்டதற்குச் சமம். பயண விவரத்தில் ரயில் அல்லது பேருந்து என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கல், தவறு நிறுவனத்தின் பக்கம் இருக்கும்போதே வருவது. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அது நோ-ஷோ ஆகாது, ஒரே டிக்கெட் என்றால் மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு. ஆனால் அவர்கள் மறுநாளைக்குப் போட்டுக் கொடுத்த விமானத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், நீங்களாகவே ரயிலிலோ வேறு விமானத்திலோ போய்விட்டால், மறுநாள் விமானத்துக்கு நீங்கள் வராதவர். திரும்பும் பயணம் போயிற்று. போக வேண்டுமென்றால் போங்கள், ஆனால் கிளம்பும் முன் கவுண்டரில் சொல்லி, திரும்பும் பயணத்தைக் காப்பாற்றி வைக்கச் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் இந்தத் தொல்லையே கிடையாது. ரயன்ஏர், ஈசிஜெட் போன்றவை ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியாக விற்கின்றன, ஒன்றை விட்டால் மற்றது பாதிக்காது. பெரிய நிறுவனங்களிலும் இரண்டு ஒன்வேயாக எடுத்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும். விலை கொஞ்சம்தான் கூடுகிறது என்றால், தேதி உறுதியில்லாதவர்கள் அப்படி எடுப்பதே நல்லது. ட்ரான்சிட்டில் இரண்டு தனி டிக்கெட்டுகளை மட்டும் சேர்க்காதீர்கள். முதலாவது தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

குடும்பமாக ஒரே பி.என்.ஆரில் எடுத்து, ஒருவர் மட்டும் முதல் பயணத்துக்கு வராமல் போகிறார் என்றால், முன்கூட்டியே அவரைத் தனி பி.என்.ஆராகப் பிரிக்கச் சொல்லுங்கள். டிக்கெட் ஆளுக்கு ஒன்று என்பதால் மற்றவர்களுடையது பாதிக்கக் கூடாதுதான், ஆனாலும் ஒருவரை ரத்து செய்யும்போது எல்லோரையும் சேர்த்துத் தட்டிவிடும் தவறுகள் நடக்கின்றன. பிரித்த பிறகு சீட் எண்களும் சிறப்பு உணவுக் கோரிக்கைகளும் புதிய பதிவிலும் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். குழந்தை பெரியவர் இல்லாமல் தனிப் பதிவில் மாட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதைத் துணையில்லாமல் பயணிக்கும் குழந்தை என்று எடுத்துக்கொண்டு வேறு விதிகள் பேசுவார்கள்.